விண்வெளி நிலையத்துக்கு ஒரு மெமோ

மாலை ஆறு நாற்பத்தாறுக்கு நேரக்காப்பாளர் மேசை மேலிருந்த மைக்கைப் பிடுங்கிக்கொண்டு அறையை விட்டு ஓடினார். மைக்கின் வயர் மூன்றாம் நடைமேடை வரைதான் எட்டும்; அதற்கு மேல் இழுத்தால் ஒலிபெருக்கிக்கு விக்கல் வந்துவிடும். வயர் எட்டிய இடத்தில் நின்று, தலையை அண்ணாந்து, மூச்சு வாங்க அறிவித்தார்: "ஆறு நாற்பத்திரண்டுக்கு வர வேண்டிய விண்வெளி நிலையம் நான்கு நிமிடம் தாமதமாக வந்துகொண்டிருக்கிறது. அதன் ஓட்டுநர் உடனடியாக நேரக்காப்பாளர் அறைக்கு வந்து விளக்கம் அளிக்கவும்." பேருந்து நிலையத்தில் அப்போது இருந்த இருநூற்றுச் சொச்சம் பேரும் அண்ணாந்தார்கள். வடமேற்கிலிருந்து ஒரு வெள்ளை வெளிச்சம், விமானம் மாதிரி சிமிட்டாமல், நட்சத்திரம் மாதிரி ஒரே இடத்தில் உட்காராமல், சத்தமே இல்லாமல் தலைக்கு மேலே கடந்து, தென்கிழக்கில் பாதி வானத்திலேயே அணைந்துபோனது. நிற்கவில்லை. நேரக்காப்பாளர் அறைக்குத் திரும்பி, வருகைப் பதிவேட்டில் 'நிற்காமல் சென்றது' என்று எழுதி, அடியில் கோடு போட்டு, மெமோ எழுத உட்கார்ந்தார். அவர் ஓய்வு பெற இன்னும் பதினோரு நாட்கள் இருந்தன.

விண்வெளி நிலையம் பேருந்து நிலையத்தின் பதிவேட்டில் இடம்பிடித்த கதை சிறியது. ஒரு வருடத்துக்கு முன்னால், பெண்கள் பள்ளியின் அறிவியல் டீச்சர் ஒருவர், ஐந்து நிமிடம் விளக்குகளை அணைக்க முடியுமா, பிள்ளைகளுக்கு அதைக் காட்ட வேண்டும் என்று கேட்டுக்கொண்டு வந்தார். கையில் ஒரு தாள் வைத்திருந்தார். எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு, எந்தத் திசையில் ஏறி எந்தத் திசையில் இறங்கும் என்று அதில் கட்டம் கட்டி அச்சடித்திருந்தது. நேரக்காப்பாளருக்கு வானத்தைப் பற்றி ஒரு கருத்தும் கிடையாது. ஆனால் நேர அட்டவணை உள்ள எதுவும் தன் அதிகாரத்துக்கு உட்பட்டது என்பதில் அவருக்குச் சந்தேகமே இருந்ததில்லை. தாளை வாங்கிப் படித்தார், புறநகர் வண்டிகளின் அட்டவணைக்குக் கீழே ஒட்டினார், அன்று மாலையே பதிவேட்டில் ஒரு வரி சேர்த்தார். டீச்சர் மாதாமாதம் புதுத் தாள் கொண்டுவந்தார். பதினோரு மாதம் விண்வெளி நிலையம் ஒரு நொடி பிசகவில்லை. இருபத்துமூன்றாம் நம்பர் ஓட்டுநரைத் திட்டும்போதெல்லாம் நேரக்காப்பாளர் விரலை மேலே காட்டுவார். "அது உலகத்தையே சுத்திட்டு வருது. நீ மார்க்கெட்டைச் சுத்திட்டு வர்ற. அதுக்கு முடியுது, உனக்கு முடியல?"

அதனால்தான் தாமதம் அவரை அவ்வளவு சுட்டது. அவருடைய ஓய்வு அறிவிப்பு பலகையில் ஒட்டப்பட்ட வாரத்தில், ஓர் அறிவிப்பும் இல்லாமல், அது நான்கு நிமிடம் பிந்தி வர ஆரம்பித்தது. டீச்சர் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது போகிற வேகத்துக்கு நான்கு நிமிடம் என்றால் ஆயிரத்தெண்ணூறு கிலோமீட்டர். பக்கத்து ஊரில் இருக்கும் அவருடைய தோழி போனில் சொன்னது இன்னும் மோசம்: அங்கே அது அட்டவணைப்படியே வந்து அட்டவணைப்படியே போகிறது. ஆக, இந்த ஊருக்கு மேலே வந்ததும் நான்கு நிமிடம் தொலைகிறது, ஊர் எல்லை தாண்டியதும் கிடைத்துவிடுகிறது. "சார், இது நடக்கவே முடியாது," என்றார் டீச்சர். "நடக்கக் கூடாதுன்னு சொல்லுங்க டீச்சர்," என்றார் நேரக்காப்பாளர். "இருபத்துமூணாம் நம்பரும் அப்படித்தான். வழியில எங்கியோ நின்னு டீ குடிச்சிட்டு, அப்புறம் விரட்டி எடுத்துடுவான்."

மெமோ மூன்று பிரதிகளில் தயாரானது. ஒன்று ஓட்டுநருக்கு, ஒன்று கோப்புக்கு, ஒன்று கிளை மேலாளருக்கு. ஓட்டுநர் பெற்றுக்கொண்டு கையெழுத்திட வேண்டும். மறுத்தால் வண்டியில் ஒட்ட வேண்டும். வண்டி கிடைக்காவிட்டால் அது வழக்கமாக வந்து போகும் இடத்தில், அதன் ஓட்டுநர் கண்ணில் படும்படி ஒட்ட வேண்டும். விதி அவ்வளவுதான் சொல்கிறது. நேரக்காப்பாளர் யோசித்தார். பிறகு பேருந்துகளுக்குப் பெயர்ப்பலகை எழுதும் பெயிண்டரைக் கூப்பிட்டு, தன் அறையின் தகரக் கூரை மேல் ஏற்றி, ஒவ்வொரு எழுத்தும் ஓர் ஆள் நீளத்துக்கு வரும்படி வெள்ளைப் பெயிண்டில் எழுதவைத்தார்: 'தாமதத்துக்கான காரணம் கூறுக.' இடம் போதாமல் 'கூறுக' கழிப்பறைக் கூரை மேல் போனது. இதைக் கேள்விப்பட்டு வந்த கிளை மேலாளர் கீழே நின்று இரண்டு கூரைகளையும் மாறி மாறிப் பார்த்தார். தடுக்கலாமா என்று யோசித்தவர், இன்னும் ஒன்பது நாள்தானே என்று விட்டுவிட்டார். போகும்போது மட்டும், "உங்க பீரோல பழைய ஃபைல் ஒண்ணு முடியாம இருக்கு சார். நீங்க போறதுக்குள்ள அதை முடிச்சிடுங்க. ரிடயர் ஆகிறவர் மேசையில பாக்கி இருக்கக் கூடாது," என்றார். அந்த ஃபைல் எது என்று அவர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. பீரோவில் இருந்ததே ஒரு ஃபைல்தான்.

பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் நேரக்காப்பாளரின் தம்பி அதே டிப்போவில் பதினேழாம் நம்பர் ஓட்டுநராக இருந்தான். வண்டியைப் பூ மாதிரி ஓட்டுகிறவன் என்று பெயர். நிலையத்துக்குள் நுழையும்போது இடப்பக்கம் லேசாகச் சாய்த்து நிமிர்த்துவான். அண்ணன் அறையைத் தாண்டும்போது முன்விளக்கை இரண்டு தடவை அணைத்து எரியவிடுவான். ஒரு மாலை பதினேழாம் நம்பர் நான்கு நிமிடம் பிந்தி வந்தது. அண்ணன் விளக்கம் கேட்டார். தம்பி சொல்லவில்லை. டயர் பஞ்சர் என்று எழுதியிருந்தால் விட்டிருப்பார்; மாடு குறுக்கே வந்தது என்றால்கூட விட்டிருப்பார். தம்பி பொய்யும் எழுதவில்லை, உண்மையும் எழுதவில்லை. "நீ எழுத வேண்டியதை எழுதிக்கோண்ணா," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். சொந்தத் தம்பி என்று விட்டால் நாளைக்கு யாரைக் கேட்க முடியும்? அண்ணன் எழுதினார். மூன்று மெமோ, மூன்றுக்கும் பதில் இல்லை, தற்காலிக நீக்கம். தம்பி சாவியை மேசையில் வைத்தான்; ஊரை விட்டே போனான். அதற்கப்புறம் டேங்கர் லாரி ஓட்டுகிறான் என்று கேள்வி, துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான் என்று கேள்வி, பிறகு அதுவும் இல்லை. சாட்சி கேட்டபோது அன்றைய கண்டக்டர், தான் பின்படிக்கட்டில் டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்ததால் முன்னால் நடந்தது எதுவும் தெரியவில்லை என்று எழுதிக் கொடுத்தார். பதினேழாம் நம்பர் பஸ் மொத்தமே அவ்வளவு நீளம் கிடையாது. அதில் வந்த நாற்பது பயணிகளும் அந்த நான்கு நிமிடமும் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்ததாகச் சொன்னார்கள். நேரக்காப்பாளர் அந்தப் பேச்சை எடுத்தாலே டீக்கடைக்காரர் கழுவிய கிளாசை மறுபடி கழுவுவார். தன்மேல் எல்லோருக்கும் பயம் என்று நேரக்காப்பாளர் நினைத்துக்கொண்டார்.

விளக்கம் வராத ஃபைலை மூடுவதற்கு ஒரே ஒரு வாசகம்தான் உண்டு: 'பதில் இல்லாததால் குற்றம் ஒப்புக்கொள்ளப்பட்டதாகக் கருதப்படுகிறது.' அதை எழுத அவருக்குக் கை வரவில்லை. ஆகையால் ஒவ்வொரு வருடமும் அந்தத் தேதியில் ஃபைலை எடுத்து, 'ஓட்டுநருக்கு மேலும் ஓராண்டு அவகாசம் அளிக்கப்படுகிறது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு உள்ளே வைத்துவிடுவார். அப்படிப் பத்தொன்பது கையெழுத்து. இருபதாவது போட அவர் இருக்க மாட்டார். புதிதாக வருகிறவர் முதல் நாளே அந்த ஒற்றை வாசகத்தை எழுதி மூடிவிடுவார். தம்பி என்றென்றைக்கும் குற்றவாளியாகவே ஆவணக் கிடங்குக்குப் போய்விடுவான்.

வீட்டிலும் அவர் நேரக்காப்பாளர்தான். மனைவி அக்கா வீட்டுக்கு மூன்றரைக்குக் கிளம்பி ஆறுக்கு வருவதாகச் சொல்லிவிட்டு ஆறு பத்துக்கு வந்தால், செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்டுவிடுவார்: "பத்து நிமிஷம். காரணம்?" கல்யாணமான புதிதில் மனைவி காரணம் சொன்னார். பிறகு மன்னிப்பு மட்டும் கேட்டார். அப்புறம் அதுவும் இல்லாமல் நேரே அடுக்களைக்குப் போய்விடப் பழகிக்கொண்டார். அடுக்களைச் சுவர்க் காலண்டரில் ஒவ்வொரு தேதிக்கும் கீழே பென்சிலில் சின்னச் சின்னதாக மணிகள் இருக்கும்: பால் வந்தது, சாப்பாடு ஆனது, விளக்கு அணைத்தது. ஓய்வு அறிவிப்பு வந்த அன்று மனைவி அதைப் பார்த்தபடியே, "அப்போ இனிமே உங்களுக்கு இருபத்துநாலு மணி நேரமும் ட்யூட்டி இங்கதான்," என்றார். நேரக்காப்பாளர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

நான்கு நிமிடம் எங்கே தொலைகிறது என்பது மெமோ எழுதிய மூன்றாம் நாள் தெரிந்துவிட்டது. தண்ணீர்த்தொட்டித் தெருவாசிகள் யாரும் கேட்காமலேயே வந்து சொன்னார்கள்: பேருந்து நிலையத்திலிருந்து பார்த்தால் கட்டடங்கள் மறைக்கிற தொட்டிக்கு நேர் மேலே அது வந்து நிற்கிறது. நான்கு நிமிடம் நிற்கிறது. பிறகு கிளம்பி ஒரே பாய்ச்சலாகப் போகிறது. நிற்கும்போது வெளிச்சம் மத்தியான வெயில் மாதிரி அடிப்பதால் மொட்டை மாடியில் ஈரத்துணி போட்டால் காய்ந்துவிடுகிறது. அதனால் அந்தத் தெருவில் எல்லோரும் துவைக்கிற நேரத்தையே மாலைக்கு மாற்றிக்கொண்டார்கள். நேரக்காப்பாளருக்கு இதில் தாங்க முடியாதது, அது அவர் குடியிருக்கும் தெரு என்பதுதான். அன்று வீட்டுக்குப் போய் மனைவியிடம் கேட்டார்.

"மேல ஒண்ணு வந்து நிக்குதாமே. நீ பார்த்தியா?"

"ரெண்டு வாரமா பார்க்கிறேன். பெட்ஷீட்கூட காஞ்சிடுது."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொன்னா எத்தனை மணிக்குன்னு கேப்பீங்க. நான் மணி பார்க்கலங்க."

மறுநாள் மாலை நேரக்காப்பாளர் மைக்கோடு வெளியே காத்திருந்தார். ஓய்வில் இருந்த ஓட்டுநர்கள், கண்டக்டர்கள், பார்சல் இறக்க வந்த லாரிக்காரர்கள் எல்லோரும் கூடியிருந்தார்கள். விளக்குகளை டீச்சர் வந்து கேட்காமலேயே அணைத்திருந்தார்கள். சரியாக நான்கு நிமிடம் பிந்தி வெளிச்சம் வந்தது. நிலையத்துக்கு நேர் மேலே வந்தபோது இடப்பக்கம் லேசாகச் சாய்ந்து நிமிர்ந்தது. நேரக்காப்பாளர் அறையின் கூரையைத் தாண்டும்போது இரண்டு தடவை அணைந்து எரிந்தது. பதினேழாம் நம்பரின் பழைய கண்டக்டர்தான், தனக்குத்தானே சொல்வது போல, "இது நம்ம பையன் கை," என்றார். பிறகு ஏதோ அவசரமாக ஞாபகம் வந்தவர் போல, நின்றிருந்த ஒரு பஸ்ஸின் பின்படிக்கட்டுப் பக்கம் போய்விட்டார். நேரக்காப்பாளர் கையிலிருந்த மைக் திறந்தே இருந்ததால், அவர் எச்சில் விழுங்கிய சத்தம் ஐந்து நடைமேடைகளுக்கும் கேட்டது.

அதற்குப் பிறகு அவர் மெமோ எழுதியது வேறு மாதிரி. ஒவ்வொரு நாளும் பெயிண்டர் கூரை ஏறினார். முதலில் பழைய எழுத்தை அழித்து 'பத்தொன்பது வருடத் தாமதத்துக்கும் சேர்த்து' என்று எழுதினார்; அடுத்த நாள் டிப்போக் கூரையில் தேதியும் வண்டி எண்ணும்; அதற்கடுத்த நாள் ஒர்க்ஷாப் கூரையில் 'கடைசி அவகாசம், இம்மாத இறுதி வரை.' கிளை மேலாளர் பெயிண்ட் டப்பாக்களைப் பார்த்தார், நேரக்காப்பாளர் முகத்தைப் பார்த்தார், தன் அறைக் கூரையில் மட்டும் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். வெளிச்சம் தினமும் வந்தது, தினமும் இரண்டு தடவை சிமிட்டியது, தினமும் போனது.

கடைசி நாள் பணி மாலை ஏழரைக்கு முடிகிறது. ஆறு ஐம்பத்தெட்டுக்கு வர வேண்டியது. மாலையைப் போட்டு, பழங்கள் கொடுத்து, மேலாளர் நாலு வார்த்தை பேசி முடித்த கையோடு நேரக்காப்பாளர் மாலையுடனேயே வெளியே வந்து நின்றார். பீரோவிலிருந்து எடுத்த ஃபைல் கக்கத்தில் இருந்தது. ஏழு மணி இரண்டு நிமிடத்துக்கு வெளிச்சம் வடமேற்கில் ஏறியது, தலைக்கு மேலே வந்தது, சாய்ந்தது, நிமிரவில்லை. அப்படியே இறங்கியது. கால்பந்து மைதானம் அளவுக்கு இருந்த அது, இறக்கைகளை ஒவ்வொன்றாக மடக்கிக்கொண்டு, பெருவிளக்குக் கம்பத்தில் இடிக்காமல், மின்கம்பியில் உரசாமல் வந்தது. கண்டக்டர்கள் பழக்கதோஷத்தில் விசிலை எடுத்துவிட்டார்கள். "வரட்டும் வரட்டும்... லெஃப்ட்ல ஒடி... இன்னும் கொஞ்சம்... போதும் போதும், ஹோல்டான்!" ஐந்தாம் நடைமேடைக்கு மேலே, ஓர் ஏணி உயரத்தில் அது நின்றது. வெல்டிங் பட்டறை மாதிரி ஒரு வாசனை வந்தது. இருபத்துமூன்றாம் நம்பர் ஓட்டுநர் ஜன்னலிலிருந்து எட்டிக் கத்தினார்: "சார், என் வண்டியை மறிச்சிட்டு நிக்குது! ஏழு அஞ்சுக்கு எடுக்கணும். அப்புறம் என்கிட்ட விளக்கம் கேக்கக் கூடாது!"

வட்டமான ஜன்னல் ஒன்றைத் திறந்து, முழங்கையை வெளியே வைத்துக்கொண்டு தம்பி கீழே பார்த்தான். தலை பாதி நரைத்திருந்தது. இறங்கவில்லை, என்ஜினை அணைத்தால் மறுபடி கிளம்பாது என்றான். பெயிண்டரின் ஏணி நடைமேடைக் கூரையில் சாய்ந்தபடி அங்கேயே இருந்தது. மாலையும் ஃபைலுமாக நேரக்காப்பாளர் ஏறினார்.

"எத்தனை மெமோண்ணா போடுவ? மேல இருந்து பார்த்தா ஊரே தெரியல. உன் எழுத்துதான் தெரியுது."

"விளக்கம் குடு."

"எப்படிடா இருக்கன்னு ஒரு வார்த்தை கேக்க மாட்டியா?"

"எப்படிடா இருக்க? விளக்கம் குடு."

தம்பி சிரித்துவிட்டான். பிறகு, "அண்ணி எப்படி இருக்காங்க?" என்றான்.

"நல்லா இருக்கா."

"அவங்க சொன்னாங்களா, நீயா சொல்றியா?"

நேரக்காப்பாளர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். எப்போது கேட்டோம் என்று நினைத்துப் பார்த்தார். காலண்டரில் எந்தத் தேதிக்குக் கீழேயும் அது இல்லை.

"வேண்டாம்ணா," என்றான் தம்பி, குரலை இறக்கி. "எழுதினா உனக்குத் தாங்காது. அதனாலதான் அப்பவே எழுதல. இந்த ஃபைலை எத்தனை பேர் படிப்பாங்க? டிப்போ முழுக்கப் படிக்கும். குத்தம் என் மேலயே இருந்துட்டுப் போகட்டும்."

"இருபத்தஞ்சு நிமிஷம்தான் இருக்கு எனக்கு," என்றார் நேரக்காப்பாளர். "அப்புறம் நான் யாரும் இல்ல. வருஷா வருஷம் உனக்கு அவகாசம் குடுத்தேன். எனக்கு யாரும் குடுக்கல. நாளைக்குக் காலைல நீ குற்றவாளின்னு ஒருத்தன் எழுதுவான்டா. அவனுக்கு உன் முகம்கூடத் தெரியாது." அவர் இன்னொரு படி ஏறியதில் ஏணி ஆடியது, கீழே பெயிண்டர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். "எனக்குத் தாங்குதா தாங்கலியான்னு நான் பார்த்துக்கிறேன். எழுது."

தம்பி கையை நீட்டி ஃபைலை வாங்கினான். ஜன்னல் விளிம்பில் வைத்து, அண்ணன் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து எழுத ஆரம்பித்தான். சிறு வயதில் வீட்டுப்பாடம் எழுதும்போது செய்கிற மாதிரியே நாக்கை லேசாகக் கடித்துக்கொண்டான். எழுதி முடிக்கச் சரியாக நான்கு நிமிடம் ஆனது. தேதி போட்டு, கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுத்தான்.

"படிச்சிட்டுக் கத்தாத. படிச்சிட்டு நேரா வீட்டுக்குப் போ."

"வரியா, வீட்டுக்கு?"

"வண்டி நிக்குதுண்ணா. இன்னொரு நாள்."

விசில் ஊதியது. "ரைட் ரைட்!" என்று நாலைந்து குரல்கள் சேர்ந்து கத்தின. விண்வெளி நிலையம் இறக்கைகளை விரித்துக்கொண்டு, பெருவிளக்குக் கம்பத்தை ஒதுங்கி, மேலேறிப் போனது. தென்கிழக்கில் பாதி வானத்தில் அணைவதற்கு முன்னால் இரண்டு தடவை சிமிட்டியது. ஏழு பதினொன்றுக்குக் கிளம்பிய இருபத்துமூன்றாம் நம்பரை யாரும் எதுவும் கேட்கவில்லை.

நேரக்காப்பாளர் ஏணியின் பாதிப் படியிலேயே நின்று படித்தார். ஒரு தடவை படித்தார். மறுபடி முதல் வரியிலிருந்து படித்தார். கீழே நின்றவர்கள் அத்தனை பேரும் அப்போது தங்கள் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பழைய கண்டக்டர் விசிலைத் திருப்பித் திருப்பித் துடைத்தார். டீக்கடைக்காரர் கழுவிய கிளாசைக் கழுவினார். அது பயம் இல்லை என்று நேரக்காப்பாளருக்கு அன்றுதான் விளங்கியது. ஊர் முழுக்க அவரிடமிருந்து எதையோ பத்தொன்பது வருடம் பத்திரமாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. மேலாளர் மட்டும் வேற்றூர்க்காரர், அதனால் கேட்டுவிட்டார்: "என்ன சார் எழுதியிருக்கார்?" நேரக்காப்பாளர் இறங்கி அறைக்குப் போய், முத்திரையை மையில் ஒற்றி, 'விளக்கம் ஏற்கப்பட்டது' என்று குத்தினார். மணி ஏழு இருபத்தொன்பது. கையெழுத்துப் போட்டார், நாடாவைக் கட்டினார். மாலையை நாற்காலியிலேயே விட்டுவிட்டுப் பதினேழாம் நம்பரில் ஏறினார்.

தண்ணீர்த்தொட்டி நிறுத்தத்தில் இறங்கியவர் உடனே வீட்டுக்குப் போகவில்லை. அந்தக் கம்பத்தடியில், சிமென்ட் பெஞ்சுக்குப் பக்கத்தில் சும்மா நின்றார். தெரிந்தவர் ஒருவர் வண்டியை மெதுவாக்கி, யாருக்காகக் காத்திருக்கிறீர்கள் என்று கேட்டதற்கு, காற்று வாங்குகிறேன் என்றார். அன்று காற்றே இல்லை. வழக்கமாக ஏழு ஐம்பதுக்கு வருகிறவர் எட்டே காலுக்குக் கதவைத் தட்டினார். மனைவி திறந்து, கடிகாரத்தைப் பார்க்காமல் அவர் முகத்தைப் பார்த்தார்.

"தம்பி வந்தான்," என்றார் நேரக்காப்பாளர்.

"தெரியும். மாடியில இருந்து பார்த்தேன்." மனைவி கதவிலிருந்து கையை எடுக்கவில்லை. "எழுதிட்டானா?"

"எழுதிட்டான்."

"சரி. கையைக் கழுவிட்டு வாங்க. ஆறிடும்."

அவர் கையைக் கழுவினார். சோப்பு தேய்ந்து பாதியாகும் வரை கழுவினார். சாப்பிட உட்கார்ந்து, முதல் கவளத்தைத் தட்டிலேயே வைத்துவிட்டு, "நாளைக்கு அக்கா வீட்டுக்குப் போறியா?" என்று கேட்டார்.

"ஏன்?"

"சும்மாதான். போயிட்டு வா. மெதுவா வா."

மனைவி கரண்டியைப் பாத்திரத்துக்குள்ளேயே விட்டுவிட்டு அவரைப் பார்த்தார். மறுநாள் மூன்றரைக்குக் கிளம்பினார், ஏழுக்கு வந்தார். கேள்வி நேரக்காப்பாளரின் வாய் வரை வந்தது. அவர் எழுந்துபோய் ஒரு சொம்பு தண்ணீர் குடித்தார். முதல் மாதம் அவர் குடித்த தண்ணீருக்கு அளவே இல்லை. ஏதாவது வியாதியோ என்று டாக்டரிடம்கூடக் காட்டினார்கள். இரண்டாம் வருடம் பாதிச் சொம்பு போதுமானது. மூன்றாம் வருடம், ஆறு என்று சொல்லிவிட்டு ஆறு நாற்பதுக்கு வந்த மனைவி தானாகவே, "அக்கா விடல. ஒரே சிரிப்பு," என்றார். அதன் காரணத்தையும் அவர் கேட்கவில்லை. ஆனால் மனைவி சொன்னார், ஒரு மணி நேரம் சொன்னார்.

விண்வெளி நிலையம் இப்போதும் அந்த ஊருக்கு நான்கு நிமிடம் பிந்தித்தான் வருகிறது. புதிய நேரக்காப்பாளர் விவரம் தெரிந்தவர். டீச்சர் கொண்டுவரும் தாளை ஒட்டியதும் சிவப்பு மையில் எல்லா நேரத்தோடும் நான்கைக் கூட்டித் திருத்திவிடுகிறார். பதிவேட்டில் 'சரியான நேரம்' என்று எழுதுகிறார்கள். தண்ணீர்த்தொட்டித் தெருவில் மாலையில்தான் துணி காய்கிறது. வெளிச்சம் வருகிற நாட்களில் ஓய்வு பெற்ற நேரக்காப்பாளர் பத்து நிமிடம் முன்னதாகவே அந்த நிறுத்தத்துக்கு வந்து, பெஞ்சின் இரு பக்கமும் ஒரு தடவை பார்த்துவிட்டு, தலைக்கு மேலே அது நின்று கிளம்பும் வரை நின்றுவிட்டு வீட்டுக்குப் போகிறார். அந்தக் கோப்பு ஆவணக் கிடங்கில் மேல் தட்டில் இருக்கிறது. யாரும் தடுப்பதில்லை, யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம். பத்தொன்பது அவகாசக் கையெழுத்துகளுக்குக் கீழே, அமுக்கி எழுதிய நீல மையில் இருப்பது இவ்வளவுதான்:

'மேற்படி நாளன்று தண்ணீர்த்தொட்டி நிறுத்தத்தில் அண்ணி ஒரு பெட்டியுடன் வண்டியில் ஏறினார். ரயில் நிலையத்துக்கு ஒரு டிக்கெட் என்றார். எந்த ஊருக்கு என்று கேட்டேன். மணி கேட்காத ஏதாவது ஓர் ஊருக்கு என்றார். வண்டியை நிறுத்தி, அண்ணன் மாறிவிடுவார் என்று சொல்லி அவரை இறக்கிவிட நான்கு நிமிடம் ஆனது. தற்போதைய வண்டிக்கு மாற்றலாகி வந்ததிலிருந்து, அதே இடத்துக்கு மேலே வரும்போது அண்ணி பெட்டியுடன் நிற்கிறாரா என்று பார்த்துவிட்டு வருவதால் அதே நான்கு நிமிடம் ஆகிறது. அடுத்த முறை ஏறினால் இறங்கச் சொல்ல மாட்டேன் என்று அன்றைக்கே அவருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன்.'